மாப்பிள்ளை நூற்ற வேட்டி

சம்பங்கியின் வேட்டியைப் பற்றி, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பலவிதமான பேச்சு உண்டு. அதை மடிக்க இரண்டு ஆள் வேண்டும் என்பார்கள். நனைந்துவிட்டால் கொடியில் போடக் கூடாது, கொடிக்கம்பம் சாய்ந்துவிடும் என்பார்கள். சுரங்கத்தில் ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள், சம்பங்கி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குக் கேட்டுவிடும் என்றார்கள். நடக்கும்போது துணியோடு துணி உரசி அப்படி ஒரு சத்தம் வரும். எல்லாம் அவரே ராட்டையில் நூற்ற நூல். கதர் வேட்டி, கதர் சட்டை, கதர்த் துண்டு. இந்தக் கேலியெல்லாம் அவர் காதில் விழாமல் இல்லை. தியாகிக்கு இதெல்லாம் சகஜம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, ராட்டையின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

காலையில் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் அவர் ராட்டை சுற்ற ஆரம்பிக்கும். சில நாட்களில் பூமிக்கு அடியில் பாறை வெடித்து, லைன் வீடுகளெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கும். அலமாரியிலிருந்து டம்ளர் உருளும். குழந்தைகள் அலறும். புருஷன் எந்த லெவலில் இருக்கிறானோ என்று பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். சம்பங்கியின் ராட்டை மட்டும் நிற்காது. அவர் நூலும் அறுபடாது. கயிறு கனத்துக்கு இருந்த நூல் எப்படி அறுபடும் என்று கேட்பாள் அவர் மனைவி ரத்தினம்மா.

உண்மையில் சம்பங்கியின் பொதுவாழ்வில் ஒரே தோல்வி ரத்தினம்மாதான். கல்யாணமான புதிதில் தம் கையால் நூற்ற நூலில் ஒரு புடவை நெய்வித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை ஒரு பகல் முழுக்கக் கட்டியிருந்தாள். மாலையில் இடுப்பைச் சுற்றி வேர்க்குருவோடு வந்து, "ஏங்க, இது பொடவையா கோணியா?" என்று கேட்டாள். மறுநாள் அந்தப் புடவை குளிக்கும் இடத்துக்கு மறைப்பாகத் தொங்கியது. இருபத்தைந்து வருஷமாக அங்கேயே தொங்குகிறது; மழைக்கும் வெயிலுக்கும் ஓர் இழைகூட நையவில்லை. ரத்தினம்மா அதற்குப் பிறகு மில் துணிதான் கட்டினாள். சமீப காலமாக ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிய நைலான்.

கதர்ச் சங்கத்தில், "வீட்டம்மா கதர் கட்டறதில்லையா?" என்று யாராவது கேட்டால் சம்பங்கி குரலைத் தாழ்த்தி, "அவளுக்குத் தோல் வியாதி," என்பார். விஷயம் பரவி, சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வேப்பெண்ணெயும் களிம்புமாக வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"எனக்கு இன்னா வியாதின்னு சொல்லி வெச்சீங்க?" என்று அன்றைக்கு ரத்தினம்மா கேட்ட கேள்விக்குச் சம்பங்கி ராட்டையை இன்னும் வேகமாகச் சுற்றினார்.

இவர்களுக்கு ஒரே பெண், குணசுந்தரி. பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சர். பிள்ளைகளுக்குத் தக்ளியில் நூற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். தக்ளி என்பது ஒன்றுமில்லை, ஒரு மெல்லிய கம்பி, அதன் அடியில் சின்னதாக ஒரு பித்தளை வட்டு. விரலால் சுழற்றிவிட்டால் பஞ்சை முறுக்கிக்கொண்டே கீழே இறங்கும். பள்ளியில் இருந்ததெல்லாம் வளைந்துபோய்விடவே, பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட்டில் இருந்த ஏசுபாதத்திடம் செய்யச் சொன்னாள். ஏசுபாதம் சுரங்கத்துப் பட்டறையில் பிட்டர்; வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கொட்டகை வைத்து, கேட்டதைச் செய்து கொடுப்பான். ஒரே ஒரு கஷ்டம். சுரங்கத்து ஆட்களிடம் எதைச் செய்யச் சொன்னாலும் அவர்கள் முதலில் நினைப்பது, அது எவ்வளவு கனம் தாங்க வேண்டும் என்பதைத்தான்.

செய்து முடித்த தக்ளிகளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன், ஏசுபாதத்தின் கூட்டாளி தம்மபாலன். அடுத்த நாள் ஷிப்டு முடிந்து அவன் வெளியே வரும்போது குணசுந்தரி சுரங்கத்து கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"இது தக்ளியா, கடப்பாறையா?"

"இன்னா டீச்சர், ஆயுசுக்கும் ஒழைக்கும்னு ஏசுபாதம் சொன்னானே."

"யாரு ஆயுசுக்கு? சுத்தி வுட்டா நூல அறுத்துகினு கால் மேல வுழுது. மூணாங்கிளாஸ் புள்ளைக்குக் கட்டைவெரல் வீங்கிகினு கீது. அந்தப் புள்ளையோட ஆயா வந்து என்னைக் கேக்குது, பள்ளிக்கூடத்துல இன்னாத்துக்கும்மா சுரங்கம் தோண்டறீங்கன்னு."

தம்மபாலன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டது அவனுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய் அரத்தால் ராவி மெலிதாக்கினான். ஒரே நாளில் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாளுக்கு ஒன்று, இரண்டு என்று தவணையில் கொடுத்தான். கடைசித் தக்ளி வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் பரீட்சையே முடிந்திருந்தது. அவர்கள் இருவருக்குள்ளும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகியிருந்தது.

தம்மபாலனுக்கு வைண்டிங் எஞ்சின் டிரைவர் உத்தியோகம். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் குழியின் மேலே, எஞ்சின் கூடத்தில் வீடு அளவுக்கு ஒரு பெரிய உருளை. அதில் இரண்டு இரும்புக் கயிறு. ஒரு கயிற்றின் முனையில் ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற கூண்டு கீழே இறங்கும்போது, இன்னொரு கயிற்றில் மற்றொரு கேஜ் மேலே ஏறும். ஒன்று மற்றதற்கு எடைக்கு எடை. கீழிருந்து மணி அடிப்பார்கள். அந்தக் கணக்கைக் கேட்டு, எதிரே இருக்கும் முள்ளைப் பார்த்து, இவன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். அவன் கேஜை இறக்கினால் வாயில் போட்ட வெற்றிலைச் சாறுகூடச் சிந்தாது என்பார்கள். ஆக, மாப்பிள்ளை பொறுப்பானவன். சம்பளமும் நல்லது. குடும்பம் மூன்று தலைமுறையாகப் புத்த மதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதிலேயே உயர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பெண் கேட்க வந்தான்.

"ஒக்காருங்க," என்றார் சம்பங்கி, சட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இது இன்னா துணி?"

"டெரிலின் சார்," என்றான் தம்மபாலன் பெருமையாக.

ஏசுபாதம் அவன் காலை மிதித்தான். சமையலறையிலிருந்து ரத்தினம்மா எட்டிப் பார்த்து, அந்தச் சட்டையை மிகுந்த மரியாதையோடு பார்த்தாள்.

சம்பங்கிக்கு இருந்த சங்கடத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பெண்ணை வேறு மதத்தில் கொடுத்தால் குடியாத்தத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சாதியாவது மதமாவது என்று வருஷக்கணக்காக மேடை மேடையாகப் பேசியிருக்கிறார். பேசியதெல்லாம் இப்போது டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் சாதி பாக்கறவன் இல்ல," என்றார். "மதமும் பாக்கமாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அவசரப்படாதீங்க. கதர் பாப்பேன்."

தம்மபாலன் ஏசுபாதத்தைப் பார்த்தான்.

"என் பொண்ணு கழுத்துல தாலி கட்டறவரு, அன்னிக்குக் கட்டியிருக்கற வேட்டிக்கு அவரே நூல் நூத்திருக்கணும். அவரு கையால. நூல நான் சோதிப்பேன். அறுபடக் கூடாது. காந்தி ஜெயந்திக்குள்ள முடியணும். முடியலைன்னா, குடியாத்தத்துல ஒரு பையன் கீறான்."

"அந்தப் பையனுக்கு நூக்கத் தெரியுமா?" என்று உள்ளேயிருந்து ரத்தினம்மா கேட்டாள்.

"நீ உள்ள காபியப் பாரு."

வெளியே வந்ததும் தம்மபாலன் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டான். "முடிஞ்சி போச்சுடா. பஞ்சைக் கையில புடிச்சதே இல்ல நானு."

"இன்னாடா பேசற நீ?" என்றான் ஏசுபாதம். "அவுரு நூலு சுத்தறாரு. நீ கயிறு சுத்தற. அவுரு குந்திகினு சுத்தறாரு, நீயும் குந்திகினு சுத்தற. வித்தியாசம் இன்னா? ராட்டைய நான் செய்றேன்."

ஏசுபாதம் செய்த ராட்டையைப் பார்க்கப் பாலகாட்டில் கூட்டம் கூடியது. சாதாரண ராட்டையில் ஒரு சக்கரம், ஒரு கதிர். சக்கரத்திலிருந்து ஒரு கயிறு போய்க் கதிரைச் சுழற்றும், கதிரின் நுனியில் பஞ்சு நூலாகும். ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, ஒரு கை பஞ்சை இழுக்க வேண்டும். காந்தி ஜெயந்திக்குள் முடிய வேண்டும் என்றால் அது கதைக்காகாது என்று ஏசுபாதம் முடிவு செய்தான். மனைவி டெய்சியின் தையல் மெஷினிலிருந்து மிதியைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பூட்டினான். (டெய்சி அதன்பிறகு கையால் சுற்றித் தைத்தாள், வாயால் திட்டினாள்.) கால் மிதிக்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும், ஆகையால் வலப்பக்கம் ஒரு கதிர், இடப்பக்கம் ஒரு கதிர். சக்கரம் வாகை மரம், விளிம்பில் ஈயம் ஊற்றியது. பிரேக் ஒன்று இருந்தது. சுற்றிய நூலின் அளவைக் காட்ட ஒரு முள் இருந்தது. மணி வைக்கலாமா என்று கேட்டபோது டெய்சி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்ததால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

முதல் தடவை மிதித்தபோது சுவர் அதிர்ந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் பாறை வெடித்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

தம்மபாலனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "ரெண்டு கதிரும் ஒரே பக்கமா சுத்துதேடா."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"அது எப்பிடிடா சரியாவும்? ஒண்ணு எறங்கினா ஒண்ணு ஏறணும். அப்பதான் சமமா ஓடும். இல்லைன்னா ஒரு பக்கமா இழுத்துகினு போயிடும்."

இத்தனை வருஷம் கேஜ் ஓட்டியவன் சொன்னால் ஏசுபாதம் மறுப்பானா? இடப்பக்கக் கதிருக்குப் போகும் கயிற்றைக் கழற்றி, குறுக்காக ஒரு திருப்புத் திருப்பி மாட்டினான். இப்போது ஒரு கதிர் இப்படிச் சுற்றினால் மற்றது அப்படிச் சுற்றியது. இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். சுரங்கத்துக்கு வெளியே எவனுக்கும் தோன்றாத திருத்தம் அது.

நூற்பது தம்மபாலன் பயந்ததுபோல் கஷ்டமாக இல்லை. பிரேக் பிடிக்கும் கைக்குப் பஞ்சின் இழுப்பு சீக்கிரம் பழகிவிட்டது. ஆனால் நூல் அறுந்தால் மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அறுந்தது நூல். அவனுக்கு அது கயிறு. கயிறு அறுந்தால் கேஜில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வோர் இழையையும் சுற்றி வைப்பதற்கு முன்னால், பத்திரத்துக்காக இன்னும் கொஞ்சம் மிதித்து முறுக்கேற்றினான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம்.

தக்ளியைப் பழுது பார்க்கக் கொடுக்கும் சாக்கில் குணசுந்தரி பாலகாட்டுக்கு வந்தாள். ஒரு கதிரின் நூலையும் மற்றொரு கதிரின் நூலையும் எடுத்து இரண்டு முனையையும் சேர்த்து விரலில் உருட்டினாள். சேரவில்லை. ஒன்றில் முறுக்கு ஏறும்போது மற்றொன்றில் அவிழ்ந்தது. குனிந்து ராட்டையைப் பார்த்தாள்.

"இந்தக் கயிறு ஏன் குறுக்கால போவுது?"

"அதாங்க பேலன்ஸு," என்றான் தம்மபாலன்.

குணசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். கூடை நிறைய நூல் இருந்தது. காந்தி ஜெயந்தி நெருங்கிவிட்டது. "எங்க நைனா நூல் மெல்லிசா இருக்குதா, அறுபடுதான்னுதான் பாப்பாரு," என்றாள் கடைசியில். "முறுக்கு எந்தப் பக்கம்னு பாக்கமாட்டாரு. நீங்க வாயத் தொறக்காம இருங்க."

சம்பங்கி சோதித்தார். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, மறுமுனையில் பீரோவின் பூட்டைத் தொங்கவிட்டார். பூட்டு ஆடியது, நூல் அறுபடவில்லை. பூட்டை எடுத்துவிட்டு டார்ச் லைட்டைக் கட்டினார். அதற்கும் அறுபடவில்லை. இழையை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய இத்தனை வருஷத்து நூலைவிட மெல்லியதாக, ஒரே சீராக இருந்தது. ஒரு முனையை விட்டதும் அது சுருண்டு ஓடி அவர் விரலைச் சுற்றிக்கொண்டது.

"முறுக்கு ஜாஸ்தி," என்றார்.

"அறுபடக் கூடாதுன்னு சொன்னீங்க சார்."

அவர் விரலில் சுற்றிய நூலைப் பிரித்தெடுத்தார். பயந்ததுபோல் வருத்தம் வரவில்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியம். டெரிலின் சட்டைக்காரன் ஒருவனைத் தாம் கதருக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற எண்ணம் மெதுவாக உள்ளே ஏறியது. குடியாத்தத்துச் சொந்தக்காரர்கள் மங்கலானார்கள். ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே தறி போட்டிருந்த சின்னம்மா என்ற நெசவுக்காரியிடம் நெய்யக் கொடுத்தார். நீளவாட்டில் ஓடும் பாவுக்குத் தம்முடைய நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு மாப்பிள்ளையின் நூல் என்று அவரே ஏற்பாடு செய்தார். சின்னம்மா கஞ்சி போட்டு, தேய்த்து, கண்ணாடிபோல நெய்து கொடுத்தாள். கை வைத்தால் வழுக்கியது.

அந்த வேட்டியைக் கல்யாணத்துக்கு என்று பெட்டியில் வைத்திருக்கலாம். சம்பங்கியால் முடியவில்லை. காந்தி ஜெயந்தியன்று மைதானத்தில் நூற்பு வேள்வி. மேடையில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் ராட்டை சுற்றுவார்கள்; பெங்களூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து பார்த்துவிட்டுப் பேசுவார். அன்றைக்குச் சம்பங்கி அந்த வேட்டியை எடுத்துத் தாமே கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு வெச்சதை மாமனாரு கட்டிகினு போறாரு," என்றாள் ரத்தினம்மா.

"ஒரு நாளைக்குத்தான்டி. ஜனங்க பாக்கட்டும்."

ஜனங்கள் பார்த்தார்கள். சம்பங்கி மைக்கைப் பிடித்து, இந்த வேட்டிக்கு நூல் நூற்றவர் ஒரு சுரங்கத் தொழிலாளி, என் மருமகனாக வரப்போகிறவர், சாதி மதம் எல்லாம் இந்த ஒரு இழையின் முன்னால் தூசு என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. கூட்டத்தில் நின்ற தம்மபாலனை ஏசுபாதம் தோளில் குத்தினான். பெண்கள் பக்கத்தில் குணசுந்தரி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூற்றல் ஆரம்பித்தது. அவர் முடிப்பதாக இல்லை. முடித்தபோது நல்ல மழை; மேடைக்குக் கூரையும் இல்லை. இனிமேல் தேசிய கீதம் ஒன்றுதான் பாக்கி. எல்லோரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள்.

முதல் வரியில் வேட்டி கணுக்காலை விட்டுக் கிளம்பியது.

சம்பங்கிக்குத் தெரிந்துவிட்டது. எதுவோ காலைப் பிடித்து மெல்ல மேலே ஊர்ந்தது. குனிந்து பார்க்கக் கூடாது. கையை எடுக்கக் கூடாது. சாதாரண நாளிலேயே தேசிய கீதத்தின்போது மூக்கைச் சொறிந்தவனைக் கண்டித்தவர் அவர். கஞ்சி கரையக் கரைய, அளவுக்கு மீறி முறுக்கியிருந்த அந்த நூல் தண்ணீர் குடித்துத் தன் இஷ்டத்துக்குச் சுருண்டது. ஓர் இழை இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ள, வேட்டி மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, சீரான வேகத்தில் ஏறியது.

கூட்டத்தில் பாதிப் பேர் சுரங்கத்து ஆட்கள். பின்வரிசையில் யாரோ, "கேஜ் ஏறுதுடா," என்றான் அடித்தொண்டையில். இன்னொருவன், "மணி அடிங்கடா, நிறுத்தணும்," என்றான். சிரிக்கவும் கூடாது. தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு கிழவர் அழுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீதம் முடிந்தபோது வேட்டி முழங்காலுக்கு மேலே போய் நின்றிருந்தது. அதன் கீழே சம்பங்கியின் கோடு போட்ட அரைக்கால் சட்டை தெரிந்தது. அதுவும் கதர்தான், அந்த வகையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியைச் சுருட்டி மூலையில் எறிந்தார். பின்னாலேயே நனைந்துகொண்டு தம்மபாலன் வந்து நின்றான்.

"சார், ரெண்டு கதிரும் எதிரெதிரா சுத்திச்சி. அதான் போல. சத்தியமா எனக்குத் தெரியாது."

"வேணும்னே பண்ணியிருக்க. என்னை மேடையில நிக்க வெச்சி..."

"அந்த வேட்டிய உங்களக் கட்டச் சொன்னது யாரு சார்?" என்று தம்மபாலன் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான்.

"வெளிய போ!"

"எனக்குத் தெரியும் நைனா," என்றாள் குணசுந்தரி. "முறுக்கு மாறிப் போயிருந்தது எனக்குத் தெரியும். இப்பிடிச் சுருங்கும்னுதான் தெரியாது. நீங்க அறுபடக் கூடாதுன்னீங்க. அறுபடல. பேச்சு பேச்சா இருக்கணும்."

"நீயும் கூட்டா?" சம்பங்கி மகளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வலிதான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை குடியாத்தத்துக்காரங்கள வரச் சொல்றேன். தந்தி குடுக்கப் போறேன். பேச்சு முடிஞ்சிது."

ஈர வேட்டியைப் போலவே இறுக்கமாகச் சில நாட்கள் போயின. தந்தி போய்விட்டது. அவர்கள் வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. குணசுந்தரி சாப்பிடவில்லை, வந்தவர்களின் முன்னால் வரமாட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். மூலையில் காய்ந்து கிடந்த வேட்டியைக் கரித்துணியாக்கலாம் என்று ரத்தினம்மா எடுத்தாள். சூடான பானையைப் பிடிக்க மடித்தவள், நின்றாள். இழுத்துப் பார்த்தாள். நீண்டது. விட்டாள். பழையபடி சுருங்கியது. பானையை மறந்துவிட்டு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் இப்படி ஒரு துணி தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். நுணுக்கமாகச் சுருக்கம் விழுந்து, உடம்போடு ஒட்டி, அதே சமயம் காற்றாட இருக்கும். விலை கேட்கும் தைரியம் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை சம்பங்கி வழக்கம்போல ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். ரத்தினம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். அரக்கு நிறத்தில் ரவிக்கை போட்டிருந்தாள். கையைத் தூக்கினால் கூடவே போனது, இறக்கினால் கூடவே வந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை.

"அது இன்னா, புது நைலானா?" என்றார் எரிச்சலோடு. பிறகு, எரிச்சல் குறைந்து, "நல்லாத்தான் கீது," என்றார்.

"கதரு."

"கேலி பண்ணாத."

"நான் இன்னாத்துக்குக் கேலி பண்ணணும்? உங்க நூலு பாவு. அந்தப் புள்ள நூலு ஊடை. கடைச் சாயத்துல முக்கினேன். டெய்சி தெச்சிக் குடுத்தா, பாதி நாளு கையால சுத்தி. எடுத்த எடுப்புல ஒடம்புக்குச் சேந்துது."

பாறை வெடித்தாலும் நிற்காத ராட்டை நின்றது. நூல் அறுந்து சம்பங்கியின் மடியில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"குத்தலையா?" என்றார்.

"குத்தல."

"வேர்க்குரு?"

"நேத்துலயிருந்து போட்டுகினு கீறேன். ஒண்ணுமில்ல." ரத்தினம்மா எதிரில் உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது. "இத்தினி வருஷமா உங்களோட நான் கதர் கட்டமாட்டேன்னு சண்டை போட்டதா நெனைச்சிகினு கீறீங்க. நான் எங்க கதரோட சண்டை போட்டேன்? குத்தற துணியோட சண்டை போட்டேன். இந்த மாதிரி ஒரு பொடவை இருந்தா நானே உங்க பக்கத்துல மேடையில வந்து குந்துவேன்."

சம்பங்கி அறுந்த நூலை மடியிலிருந்து எடுத்தார்.

"நாளைக்கு வர்றாங்களே, அந்தக் குடியாத்தத்துப் பையனுக்கு நூக்கத் தெரியுமா?" என்றாள் ரத்தினம்மா.

"தெரியாது."

"அப்ப எனக்குப் பொடவை நூத்துக் குடுக்கறது யாரு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். "எங்க போறீங்க, காபி குடிக்கல?" என்ற கேள்வி தெருவரைக்கும் துரத்தியது. போகிற வழியில் தந்தி ஆபீசுக்குள் நுழைந்துவிட்டுப் போனார்.

பாலகாட்டில் ஏசுபாதத்தின் கொட்டகையில் இரண்டு பேரும் ராட்டையின் முன்னால் குனிந்திருந்தார்கள். தம்மபாலன் நாலு நாள் தாடியோடு இருந்தான். ஏசுபாதம் குறுக்கே போன கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். எல்லாவற்றையும் சரியாக்கி, நேராக்கி, புதிதாக ஒரு வேட்டிக்கு நூற்றுக்கொண்டுபோய்க் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

வாசலில் சம்பங்கியைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"அந்தக் கயித்த இன்னா பண்றீங்க?"

"நேரா மாட்டறோம் சார்," என்றான் தம்மபாலன். "இனிமே தப்பு வராது."

"கை வெக்காதே!"

ஏசுபாதம் பயந்து கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

"எப்பிடி இருந்துதோ அப்பிடியே மாட்டு. குறுக்கால. எத்தினி மிதி மிதிச்சீங்களோ அத்தினி மிதிக்கணும். ஒண்ணுகூடக் கொறையக் கூடாது." சம்பங்கி ராட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிரேக்கைத் தொட்டார். முள்ளைப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு?"

"எவ்வளோ நூலு வந்துதுன்னு காட்டும் சார்."

"ஒரு பொடவைக்கு எங்க வரைக்கும் போவணும்?"

தம்மபாலனுக்குப் புரிய ஆரம்பித்தது. முழுக்கப் புரிந்ததும் அவன் முகம் தாடிக்குள்ளிருந்து வெளியே வந்தது. "யாருக்கு மாமா பொடவை?"

"இன்னும் மாமா ஆவல," என்றார் சம்பங்கி. "பொடவை வரட்டும்."

புடவை தை மாதம் வந்தது. மழையில் வேட்டி எவ்வளவு சுருங்கியது என்று சின்னம்மா விசாரித்து, அதற்குத் தகுந்தபடி தறியில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கூட்டி வைத்து நெய்தாள். நனைத்து எடுத்தபோது சரியாகக் கணுக்காலுக்கு வந்து நின்றது. கல்யாணத்தன்று ரத்தினம்மா அந்தப் புடவையில் வந்து நின்றபோது சங்கத்துப் பெண்கள், "தோல் வியாதி நல்லாயிடுச்சா?" என்று கேட்டார்கள்; "மாப்பிள்ளை மருந்து குடுத்தாரு," என்றாள் அவள். குடியாத்தத்துச் சொந்தக்காரர்கள் மதத்தைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள், அவர்கள் வீட்டுப் பெண்கள் புடவையின் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சம்பங்கி கூட்டத்தில் நாலைந்து தடவை நடந்து, மனைவியின் பக்கத்தில் நாலைந்து தடவை வந்து நின்றார். அவர் வருவது வழக்கம்போல முன்கூட்டியே காதில் கேட்டது.

மாப்பிள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு தாலி கட்டினான். அது மாமனாரின் உத்தரவு. வானம் மூடியிருந்தது; கல்யாணத்தில் தேசிய கீதம் பாடமாட்டார்கள் என்றாலும், சம்பங்கி எதையும் நம்பத் தயாராக இல்லை.